உன் இடது காது

1984 செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். நேற்றுக் காலை இதே நேரத்திலிருந்து இப்போதுவரை நீ வெளிக்குப் போன எண்ணிக்கை: ஒன்று. கெட்டியாக, மஞ்சளாக, சளி இல்லாமல், ரத்தம் இல்லாமல். உன் அம்மா துணியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "நல்லா பாத்துக்குங்க, இதுக்குத்தானே இத்தன நாளா தவங்கெடந்தீங்க" என்றாள். பார்த்தேன். பத்து நாட்களுக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, இந்த எண்ணிக்கை இருபத்தாறு. அதில் கடைசிப் பத்தில் மலமே கிடையாது, சளியும் ரத்தமும்தான். இனி நீ பிழைத்துக்கொள்வாய். ஆகவே எழுதலாம்.

உனக்கு இப்போது பதினோரு மாதம். இதைப் படிக்கும்போது வீட்டைவிட்டுக் கிளம்பும் வயதாகியிருக்கும். படிப்போ வேலையோ கல்யாணமோ, எதற்குக் கிளம்புகிறாயோ அன்று உன் அம்மா இதை உன் கையில் கொடுப்பாள். அதுவரை காத்திருந்து நானே வாயால் சொல்லலாம்தான். ஆனால் அதற்குள் நானும் மற்ற அப்பன்களைப் போல என் தப்பைக் குறைத்து, கெட்டிக்காரத்தனத்தைக் கூட்டிச் சொல்லப் பழகிவிடுவேன். உன் அம்மா வேறு மன்னித்துத் தொலைத்துவிடுவாள். அதனால்தான் இருபத்தாறு வயதில், சூடு ஆறுவதற்குள் எழுதிவைக்கிறேன். உறையை ஒட்டப்போவதில்லை. சொந்தத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும். முதலில் படிக்கவேண்டியவர் உன் தாய்மாமன். இன்றைக்கு உன் வலது காதில் ஒரு பொட்டுத் தோடு மின்னுகிறது, இடது காதில் ஒன்றும் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் ஏன் என்று கேட்கிறார்கள். ஏன் என்பதுதான் இந்தக் கடிதம்.

நான் லேப் டெக்னீஷியன். திருச்சியில் படித்துவிட்டு, பெரம்பலூரில் ஒரு டாக்டரம்மா நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒரு மைக்ராஸ்கோப், கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டி ஒன்று, கரண்ட் போனால் வியர்க்கும் ஃபிரிட்ஜ் ஒன்று. வேலை கஷ்டமில்லை, ஒழுங்காகச் செய்தால். நோயாளியின் மலத்தில் ஒரு துளி எடுத்து, கிருமிக்குத் தீனியாக நாங்கள் காய்ச்சி ஊற்றி உறையவைத்த தட்டில் கோடு இழுத்துச் சூட்டுப்பெட்டியில் வைப்பேன். மறுநாள் காலை கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். சந்தேகமான புள்ளியை எடுத்து இன்னொரு தட்டில் பரப்பி, அதன்மேல் மருந்தில் ஊறிய சின்னச் சின்னக் காகித வட்டங்களை வைப்பேன். மருந்து வேலை செய்தால் வட்டத்தைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு தெளிந்த வளையம் நிற்கும். வேலை செய்யாவிட்டால் காகிதத்தின் விளிம்புவரை வந்து முட்டிக்கொண்டு வளர்ந்திருக்கும். தட்டு யாருக்காகவும் பொய் சொல்லாது. பார்க்கிறவன்தான் சொல்வான்.

இந்த வேலை எனக்குக் கொடுத்த திமிரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாலிகண்டபுரத்தில் எங்கள் குடும்பத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டிய முதல் ஆள் நான். சொந்தக்காரர்களுக்கு டெக்னீஷியனும் டாக்டரும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் யாராவது ஒருவர் வாசலில் நிற்பார். "தம்பி, வவுத்தால போவுதுப்பா, அந்த செவப்பும் மஞ்சளுமா இருக்குமே, அதுல ரெண்டு குடேன்." அதற்கென்றே பிஸ்கட் டின் ஒன்று வைத்திருந்தேன். யாராவது சாப்பிட்டு மிச்சம் வைத்த மாத்திரை, கம்பெனிக்காரர் ஓசியாகக் கொடுத்த மாத்திரை எல்லாம் அதில் கிடக்கும். இரண்டு எடுத்துக் கொடுப்பேன். நின்றுவிடும். "கைராசிக்காரன்" என்பார்கள். பெரியவர்களுக்கு வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாகவே நிற்கும். இது எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் கைராசி என்று ஒருவர் சொல்லும்போது கேட்க நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் டிரைவர் ஒருவர் வந்தார். ரத்தமும் சளியுமாகப் போகிறது. தட்டில் வளர்த்துப் பார்த்தேன், ஷிகெல்லா என்ற கிருமி. சீதபேதிக்காரன். அந்தத் தட்டில் ஐந்து மருந்துகளை வைத்தேன். ஐந்துக்கும் வளையமே இல்லை. ஐந்தையும் மதிக்காத கிருமி நம் ஊர்ப் பக்கம் எப்படி வரும்? முந்தின வாரம் முழுவதும் கரண்ட் போய்ப் போய் வந்தது, ஃபிரிட்ஜில் இருந்த காகித வட்டங்கள் கெட்டுப்போயிருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதித் தட்டைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டேன். வட்டம் கெட்டுவிட்டதா என்று பார்க்க வழி உண்டு. எல்லா மருந்துக்கும் சாகும் ஒரு சாதுக் கிருமியை இதற்கென்றே லேபில் வளர்த்து வைத்திருப்போம். அதன்மேல் அதே வட்டங்களை வைத்தால் மறுநாளே தெரிந்துவிடும். செய்யவில்லை. எனக்கு அவசரம். உன் காதுகுத்துக்குப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்திருந்தேன், புரூஃப் பார்க்கப் போகவேண்டியிருந்தது. டிரைவர் வாட்டசாட்டமான ஆள், எப்படியோ தேறிப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து எனக்கு வயிறு கடுத்தது. நாலைந்து தடவை போனது. டின்னைத் திறந்து ஒன்றிரண்டு போட்டேன். மூன்றாம் நாள் நின்றது. மறந்துவிட்டேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க, கோடு இழுக்கும் அதே மேஜையின் ஓரத்தில் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துத்தான் சாப்பிட்டேன். இதையும் எழுதிக்கொள்.

காதுகுத்து ஆவணி மாதத்தில், செட்டிகுளத்து மலையடிவார மண்டபத்தில். நம்மில் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும், உனக்குத் தெரியும். உன் மாமா ஆண்டிமடத்தில் முந்திரி வறுத்து உடைத்துப் பருப்பெடுப்பவர். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் ஓர் எண்ணெய் உண்டு. பட்டால் தோல் வெந்து கருத்துப்போகும். சாம்பல் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் தப்பாது. அவர் உள்ளங்கையும் நகக்கண்ணும் தார் பூசியதுபோல இருக்கும். சோப்புக்குப் போகாது, மண்ணெண்ணெய்க்கும் போகாது. ஜெயங்கொண்டம், அரியலூர், பெரம்பலூர் என்று பஸ் மாறி மாறி வந்ததில் நேரமாகிவிட்டது. வந்தவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நேராக உன்னைத் தூக்கக் கை நீட்டினார். காலையிலிருந்து அவருக்காகக் காத்திருந்த எரிச்சல் எனக்கு.

"மச்சான், கையக் கழுவிட்டுத் தொடுங்க."

"கழுவிட்டுத்தான் வரேன் மாப்ள, கொழாயில."

"சோப்புப் போட்டுக் கழுவுங்க."

போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். கை அப்படியே கருப்பாக இருந்தது. இன்னொரு தடவை போகச் சொன்னேன். போனார். மூன்றாவது தடவையும் சொன்னேன், போய்க் கழுவிக்கொண்டு வந்தார். கூட்டத்தில் யாரோ, "வுட்டா மச்சான ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி வேகவச்சுத்தான் எடுப்பாரு போலருக்கே" என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "மாப்ள, இது அழுக்கில்ல, தொழிலு. தோலு உரிஞ்சாத்தான் போவும்" என்றார். அதன்பிறகு உட்கார்ந்தார், உன்னை மடியில் வைத்துக்கொண்டார்.

பத்தர் வலது காதைக் குத்தினார். நீ மலை இடிந்து விழுவதுபோல அலறினாய். பக்கத்தில் அண்டாவில் பானகம் இருந்தது. அதைக் கரைத்தது நான். கரண்டியில் வெல்லம் கரையாது என்று முழங்கைவரை விட்டுக் கரைத்தேன். உன் மாமா ஒரு டம்ளரில் விரலைத் தொட்டு, "அடடா எஞ் சிங்கம், இந்தா, மாமன் இனிப்புத் தரேன்" என்று உன் வாய்க்குக் கொண்டுபோனார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"அந்தக் கைய வாயில வைக்காதீங்கன்னா! நூறு கிருமி போதும் மச்சான், புள்ள போயிடும்!"

அதே டம்ளரில் என் விரலைத் தொட்டு உன் நாக்கில் வைத்தேன். நீ சப்பினாய். அழுகை நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது.

உன் மாமா அந்தக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "நீங்க படிச்சவரு மாப்ள. ஒங்க கையே வையிங்க" என்றார். உன்னை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். சாப்பிடவில்லை. பானகத்தில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. பத்தர் ஊசியோடு காத்திருந்தார். என் பெரியப்பா மகன் மடியில் வைத்து இடது காதையும் குத்திவிடலாம் என்றேன். உன் அம்மா உன்னை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "எங்கண்ணன் மடியில ஏறாம எம்புள்ளைக்கு அந்தக் காது வேணாம்" என்றாள். கறிச்சோறு ஆறிப்போனது.

இரண்டாம் நாள் சாயங்காலம் உனக்குப் போக ஆரம்பித்தது. அந்த வாரத்தில் விசேஷத்துக்கு வந்தவர்களில் இன்னும் மூன்று பேருக்கும் போனது. நான் யோசிக்கவே இல்லை. "ஒங்க அண்ணன் கைதான்" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். வந்தவர்களிடம் சொன்னேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஆண்டிமடத்துக்காரர் ஒருவரைப் பார்த்தபோது அவரிடமும் சொன்னேன். டின்னைத் திறந்து, மாத்திரையைப் பொடித்துக் கால் பங்காக்கித் தேனில் குழைத்து உனக்குக் கொடுத்தேன். ஒன்றரை நாள் அப்படிப் போனது. பக்கத்து வீட்டு அக்கா வந்து, "புள்ளைக்குத் தண்ணி குடுக்காத தாயி, குடுக்கக் குடுக்க ஊத்தும்" என்றார். உன் அம்மா கேட்கவில்லை. காய்ச்சி ஆறிய தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் போட்டு ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டிக்கொண்டே இருந்தாள். நீ கக்கினால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி. "ஊத்துனா ஊத்தட்டும்க்கா, போறது போவட்டும், நான் ரொப்பிக்கிட்டே இருக்கேன்" என்றாள். உன்னை உயிரோடு வைத்திருந்தது அந்த ஸ்பூன். மருந்து வருவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலையை, நான் செய்திருக்கவேண்டியதை, அவள் செய்தாள். வியாழக்கிழமை காலை உன் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. கண் குழிக்குள் போய்விட்டது. அழுதாய், கண்ணீர் வரவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா உன் காலில் நரம்பு தேடி டிரிப் போட்டுவிட்டு, டின்னைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரே வாக்கியம் சொன்னார்: "ஏம்ப்பா, ஒன் லேபுல தட்டு எதுக்கு, சோறு திங்கவா?" நான் உன்னுடைய மலத்தை எடுத்துக் கோடு இழுத்தேன். வெள்ளிக்கிழமை நிறமில்லாத, பனித்துளி மாதிரியான புள்ளிகள் முளைத்திருந்தன. மறுபடி ஷிகெல்லா. இந்தத் தடவை ஆறு மருந்துகளை வைத்தேன். பக்கத்திலேயே சாதுக் கிருமிக்கும் ஒரு தட்டு வைத்தேன். சனிக்கிழமை காலை திறந்தேன். சாதுவின் தட்டில் ஆறு வட்டத்தைச் சுற்றியும் நிலா மாதிரி வளையங்கள். வட்டம் ஒன்றும் கெடவில்லை. உன் தட்டில் ஐந்துக்கு ஒன்றுமே இல்லை. ஆறாவதாக வைத்த நாலிடிக்சிக் ஆசிட்டைச் சுற்றி மட்டும் சுத்தமான வளையம். டிரைவரின் தட்டு நினைவுக்கு வந்தது. அது பொய் சொல்லவில்லை. அன்றே நம்பியிருந்தால் டாக்டரம்மாவுக்குச் சொல்லியிருப்பேன். உனக்கு முதல் நாளே சரியான மருந்து போயிருக்கும்.

இந்தக் கிருமியை நீ தெரிந்துகொள்ள வேண்டும், உன்னைக் கொல்லப் பார்த்தது அது. சின்னக் குச்சி. நீந்தத் தெரியாது, வால் கிடையாது. தானாக எங்கும் போகமுடியாது, யாராவது கொண்டுபோகவேண்டும். கை கொண்டுபோகும், ஈ கொண்டுபோகும், டம்ளர் கொண்டுபோகும். காலராவுக்கு லட்சக்கணக்கில் உள்ளே போகவேண்டும், வயிற்றுப் புளிப்பில் பெரும்பாலும் செத்துவிடும். இது புளிப்பைத் தாங்கும். நூறு போதும், சில ஆட்களுக்குப் பத்தே போதும். நகக்கண்ணில் நூறு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, நாற்றமும் வராது. பெருங்குடலுக்குப் போய் அதன் சுவரில் இருக்கும் செல்லுக்குள்ளேயே நுழைந்து குட்டி போடும். சுவர் புண்ணாகிறது. அதுதான் ரத்தம், அதுதான் சளி, அதுதான் நீ முக்கி முக்கி அழுதது. நோய் நின்றபிறகும் ஆள் தெம்பாக நடமாடிக்கொண்டிருப்பான். கிருமி வாரக்கணக்கில் அவன் மலத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்.

மருந்தை மீறும் வித்தை இன்னும் பொல்லாதது. அந்தக் கிருமிக்குள் அதன் சொந்த ஜாதகம் தவிர, சின்ன வளையமாக ஒரு துண்டு தனியாக மிதக்கும். பிளாஸ்மிட் என்று பெயர். இந்த மருந்தை இப்படி உடை, அந்த மருந்தை அப்படி வெளியே தள்ளு என்று நாலைந்து மருந்துக்கான வழியும் அந்த ஒரே வளையத்தில் எழுதியிருக்கும். இரண்டு கிருமிகள் உரசிக்கொள்ளும்போது மெல்லிய குழாய் ஒன்றை நீட்டி, அந்த வளையத்தை நகல் எடுத்துப் பக்கத்தில் இருப்பதற்குக் கொடுத்துவிடும். சொந்தம், அந்நியம் பார்க்காது. உன் குடலில் சாதுவாகக் கிடக்கும் கிருமியிடமிருந்து சீதபேதிக்காரன் வாங்கிக்கொள்வான். இப்போது என் டின்னை நினைத்துக்கொள். இரண்டு மாத்திரை போட்டால் குடலில் வளையம் இல்லாத நல்ல கிருமிகள் சாகும், வளையம் வைத்திருப்பது மட்டும் காலி மனையில் குடியேறும். ஞாயிற்றுக்கிழமை தோறும் என் சொந்தக்காரர் வயிற்றில் நான் அதற்கு நாற்றங்கால் விட்டுக்கொண்டிருந்தேன். கைராசிக்காரன்.

நாலிடிக்சிக் சிரப் பெரம்பலூரில் எந்தக் கடையிலும் இல்லை. திருச்சிக்கு ஆள் போகவேண்டும். உன்னைவிட்டு என்னால் நகரமுடியவில்லை. அப்போது ஆஸ்பத்திரி வாசலில் உன் மாமா நின்றுகொண்டிருந்தார். உன் அம்மா என்னிடம் கேட்காமல் பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பியிருக்கிறாள். அவர் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தார். "இதுல எளுதியிருக்கறது இங்கிலீசு. கடக்காரன் வேற எதையும் மாத்திக் குடுத்துட்டா?" என்றார். மருந்தின் பெயரைத் தமிழிலும் எழுதிக் கொடுத்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு, ஈரத்துண்டில் சுற்றிய இரண்டு பாட்டில்களை லேப் ஜன்னல் கம்பி வழியாக நீட்டினார். உள்ளே வாங்க என்றேன். "வேணாம் மாப்ள. கை" என்று விரித்துக் காட்டிவிட்டு, வெளியில் வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்துகொண்டார். நாலாவது வேளை மருந்துக்குப் பிறகு ரத்தம் நின்றது. திங்கட்கிழமை நீ ஸ்பூனைக் கடித்தாய். அந்தச் செய்தியைக் கேட்டபிறகுதான் அவர் பஸ் ஏறினார்.

நான் அதோடு விட்டிருக்கலாம். எனக்கு நிரூபிக்கவேண்டியிருந்தது. அவர் பஸ் ஏறுமுன் பிடித்து, "மச்சான், ஒங்க மோஷன் வேணும், டெஸ்டுக்கு" என்றேன். வெட்கமில்லாமல் கேட்டேன். "இதுக்கு மேல எங்கிட்ட என்னதான் மாப்ள பாக்கணும்?" என்றார். ஆனாலும் கொடுத்துவிட்டுத்தான் போனார். தட்டு சுத்தமாக இருந்தது. மறுநாள் உன் அம்மாவுடையதை வைத்தேன், அதுவும் சுத்தம். டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "ஒன்னோடது எங்கப்பா?" என்றார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க டாக்டர்" என்றேன். "ஒண்ணுமில்லாதவன் எதுக்குப் பயப்படற?" என்றார். எரிச்சலோடு வைத்தேன். வியாழக்கிழமை நிறமில்லாத பனித்துளிகள். வெள்ளிக்கிழமை ஐந்துக்கு வளையமில்லை, ஆறாவதற்கு வளையம். உன் தட்டையும் என் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடையாளச் சீட்டை எடுத்துவிட்டால் எது யாருடையது என்று எனக்கே தெரியாது.

லாரி டிரைவரிடமிருந்து என் மேஜைக்கு, மேஜையிலிருந்து என் வாய்க்கு, என் கையிலிருந்து பானகத்துக்கு, என் விரலிலிருந்து உன் நாக்குக்கு. அண்டாவை அன்றே கழுவிவிட்டார்கள், அதனால் இந்தச் சங்கிலியின் நடுவில் ஒரு கண்ணிக்கு என்னிடம் சாட்சி இல்லை. கோர்ட்டில் இது நிற்குமா என்று எனக்குத் தெரியாது. எனக்குப் போதும். அன்று அந்த மண்டபத்தில் உன்னைத் தொட்ட கைகளிலேயே மிகச் சுத்தமானது, மூன்று தடவை சோப்புப் போட்ட அந்தக் கருப்புக் கைதான். மணக்க மணக்க இருந்த என் கையை யாரும் கழுவச் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அதைத் தட்டிவிட்டு இதை வைத்தேன்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும், சொல்லப் பிடிக்கவில்லை. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது என் அப்பா களத்துமேட்டில் வேலை முடித்து, மிராசுதார் வீட்டுப் பின்கட்டில் தண்ணீர் கேட்டார். கொடுக்க வந்தவர் அவர் கையைப் பார்த்துவிட்டுச் சொம்பை உயரத் தூக்கி ஊற்றினார். அப்பா இரண்டு கையையும் குவித்துக் குடித்தார். நான் படித்ததே அந்தச் சொம்பை மனதில் வைத்துத்தான் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். படித்து முடித்து, சம்பாதித்து, செட்டிகுளத்தில் நூறு பேர் முன்னால் சொம்பை நானே உயரத் தூக்கிவிட்டேன். அதற்கு விஞ்ஞானம் என்று பெயரும் வைத்தேன்.

இதற்காக விஞ்ஞானத்தை விட்டுவிடாதே. உன்னைக் காப்பாற்றியதும் அதுதான், என்னைப் பிடித்துக் கொடுத்ததும் அதுதான். தப்பு தட்டில் இல்லை. எனக்குப் பிடித்த ஆட்களின் தட்டை மட்டும் வைக்காமல் விட்டதில்தான் தப்பு. அதில் முதல் ஆள் நான். நீ எந்த வேலைக்குப் போனாலும், எதிராளி மேல் சந்தேகம் வரும்போது உன்னுடையதையும் சேர்த்து வை. தட்டு பிடிக்காததைச் சொன்னால் கொட்டிவிடாதே, இன்னொரு தடவை பார். நூறு பேர் முன்னால் சொன்ன பழியை நாலு சுவருக்குள் திருப்பி வாங்காதே. அவசரம் எனக்குப் பிறவியிலேயே உண்டு, உனக்கும் இருக்கும். பசிக்கும்போது நீ கத்துவதைப் பார்த்தால் தெரிகிறது. அதை மாற்றமுடியாது. கையைக் கழுவிக்கொண்டு அவசரப்படு.

உன் அம்மாவிடம் வெள்ளிக்கிழமையே தட்டுகளைக் காட்டினேன். அவளுக்கு வளையம் பார்க்கத் தெரியாது, என் முகத்தைப் பார்த்தாள். ஸ்பூனைக் கழுவி வைத்துவிட்டு, "எங்கிட்ட சொல்லி என்னாங்க? சொல்ல வேண்டியவரு ஆண்டிமடத்துல இருக்காரு" என்றாள். சரிதான். அதனால் செய்யப்போவதை வரிசையாக எழுதி, இதை மூடுகிறேன்.

1. நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஆண்டிமடம். உன் மாமா கொட்டை உடைக்கும் களத்தில், அவரோடு வேலை செய்கிறவர்கள் முன்னால், "என் கைதான்" என்று சொல்லப்போகிறேன். வீட்டுக்குள் அழைத்துப்போய்ச் சொல்வதாக இல்லை.

2. பஸ் ஸ்டாண்டில் நான் சொல்லிவைத்த அந்த ஆண்டிமடத்துக்காரர் வீட்டுக்கும் போகவேண்டும். பெயர் தெரியாது. விசாரிப்பேன்.

3. விசேஷத்துக்கு வந்த அத்தனை வீட்டுக்கும் கார்டு. மூன்று வரி போதும்.

4. பிஸ்கட் டின்னில் இருப்பதையெல்லாம் டாக்டரம்மா கண்முன் கரைத்துக் கொட்டுவது. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு இனிமேல் என்னிடம் கிடைப்பது உப்பு, சர்க்கரை, ஒரு ஸ்பூன்.

5. தயிர்சாதம் வேப்பமரத்தடியில்.

6. ஐந்து மருந்துக்கு அடங்காத கிருமி இந்தப் பக்கம் வந்துவிட்டது, எது கேட்கிறது என்பதைப் பெரம்பலூர், அரியலூர் டாக்டர்களுக்கு டாக்டரம்மா கையெழுத்தோடு எழுதி அனுப்புவது. லாரி டிரைவரையும் தேடிப் பிடித்துப் பார்ப்பது. இரண்டும் இந்த வாரத்துக்குள்.

7. டாக்டரம்மா கொடுத்த மருந்தை நான் ஐந்து நாளும் முழுதாகச் சாப்பிடுவது. பிறகு மூன்று தட்டு, மூன்றும் சுத்தமாக வரவேண்டும். அதுவரை சமையலில் கை வைக்கக்கூடாது, உன் வாயருகே விரல் வரக்கூடாது. இது உன் அம்மா போட்ட உத்தரவு.

8. நாளை புரட்டாசி பிறக்கிறது. ஐப்பசியில் மறுபடி செட்டிகுளம், அதே மண்டபம், அதே பத்தர், உன் இடது காது. உன் மாமா வரச் சம்மதித்தால் அவர் மடியில். சம்மதிக்காவிட்டால் சம்மதிக்கும்வரை அந்தக் காது அப்படியே இருக்கட்டும். பானகம் உன் அம்மா கரைப்பாள். நீ அலறும்போது உன் நாக்கில் இனிப்பு வைப்பது அவர் விரல். அவருக்குச் சொம்பில் தண்ணீர் நான் ஊற்றமாட்டேன். நான் சோப்புப் போட்டுக் கழுவ, என் கைக்குத்தான் அவர் ஊற்றவேண்டும், எல்லாரும் பார்க்க, மூன்று தடவை.